ஞாயிறு காலை பிராக்டிஸ்: டிராக்கில் யார் பொறுப்பு, யாருடைய பாலிசி?

#1 வாடைக்காற்று
சனி, இரவு 9:12

தேவிபட்டினம் பக்கம் ஈ.சி.ஆரை ஒட்டியிருக்கும் 480 மீட்டர் தார் கோ-கார்ட் டிராக்கை எங்கள் கிளப்புக்கு ஞாயிறு காலை 6 முதல் 9 வரை தர உரிமையாளர் சம்மதித்திருக்கிறார். அந்த மூன்று மணி நேரமும் அவர் ஆட்கள் யாரும் இருக்க மாட்டார்கள். கேட் சாவி எங்களிடம் இருக்கும். மொத்தம் 11 பேர். அதில் மூன்று பேர் 11, 13, 15 வயதுப் பிள்ளைகள். வண்டிகள், ஹோண்டா ஜி.எக்ஸ். 200 இன்ஜின் போட்ட அவருடைய வாடகைக் கார்ட் ஆறு, எங்கள் உறுப்பினர் ஒருவரின் சொந்த ரோட்டக்ஸ் 125 சி.சி. பந்தயக் கார்ட் ஒன்று.

"இன்சூரன்ஸ் எல்லாம் போட்டிருக்கு, கவலைப்படாதீங்க" என்கிறார். எந்த இன்சூரன்ஸ், யாருக்கு என்று கேட்டால் பதில் தெளிவாக வரவில்லை. ஓட்டும்போது டிராக்கில் யார் யார் இருந்தே ஆக வேண்டும்? அடிபட்டால் எந்தப் பாலிசி பணம் தரும்? விவரம் தெரிந்தவர்கள் விலாவாரியாகச் சொல்லுங்கள்.

#2 கொடிக்காரர்
சனி, இரவு 10:05

தம்பி, சாவியை வாங்கும்போதே பொறுப்பும் உங்கள் கைக்கு வந்துவிடும். அதை முதலில் மனதில் வையுங்கள்.

இந்தியாவில் மோட்டார் பந்தயத்துக்கு அங்கீகாரம் பெற்ற அமைப்பு எஃப்.எம்.எஸ்.சி.ஐ. அதன் பெர்மிட் வாங்கி நடத்தும் பந்தயத்தில் யார் கொடி பிடிப்பது, யார் வண்டியைச் சோதிப்பது, டாக்டர் எங்கே நிற்பது என்று எல்லாம் எழுத்தில் இருக்கும். வாடகை டிராக்கில் கிளப்காரர்கள் சேர்ந்து ஓட்டும் காலைக்கு அப்படி எதுவும் தானாக வராது. விதியை நீங்களே ஒரு பக்கத்தில் எழுதி, 11 பேரும் கையெழுத்துப் போட்டு, பிட்டில் (வண்டிகளை நிறுத்தும் இடம்) ஒட்ட வேண்டும். நாளைக்கு இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து கேட்கும் முதல் காகிதம் அதுதான்.

480 மீட்டருக்குக் குறைந்தபட்சம் நான்கு பேர் ஓட்டாமல் நிற்க வேண்டும். ஒருவர் பொறுப்பாளர். அவர் அந்த செஷனில் ஹெல்மெட்டையே தொடக் கூடாது. செஷனை நிறுத்தும் அதிகாரம் அவருக்கு மட்டும்தான், அவர் சொன்னால் மறுபேச்சு கிடையாது. இரண்டு பேர் கொடியோடு (இவர்கள்தான் மார்ஷல்கள்), ஒருவர் பார்க்க முடியாத வளைவை மற்றவர் பார்க்கும்படி நிற்பார்கள். நான்காவது ஆள் பிட் வாசலில் நின்று உள்ளே போகும், வெளியே வரும் கார்ட்டை எண்ணிக்கொண்டே இருப்பார்.

இப்போது கணக்குப் போடுங்கள். பெரியவர்கள் எட்டு, நிற்பவர்கள் நான்கு, ஓட்டக்கூடியவர்கள் நான்கு. கார்ட் ஆறு இருக்கிறது என்பதற்காக ஆறும் ஓடாது. "நானும் ஓட்டிக்கிட்டே பார்த்துக்கறேன்" என்று ஒருத்தர் சொன்னால் அன்று அங்கே மேற்பார்வையே இல்லை என்று பொருள்.

உங்கள் பக்கத்துக்கே உரிய பிரச்சினை ஒன்று. அது கிழக்குப் பார்த்த கரை. காலை ஆறேகாலில் இருந்து ஏழரை வரை வெயில் தரையோடு தரையாக முகத்தில் அடிக்கும். கடல் திசையில் திரும்பும் வளைவுக்கு அப்பால் மார்ஷல் நின்றால் ஓட்டுகிறவன் கண்ணுக்கு வெறும் நிழல்தான் தெரியும். மஞ்சளா சிவப்பா என்று தெரியாது. அந்த வளைவில் மார்ஷலை டிராக்கின் வெளிப்பக்கம் நிறுத்தாமல், வளைவு தொடங்குவதற்கு முன்னால் பக்கவாட்டில் நிறுத்துங்கள். 50 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 14 மீட்டர். கொடியைப் பார்த்து, புரிந்து, பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை நொடி ஆனாலே 21 மீட்டர் போய்விடும். அதனால் ஓட்டுகிறவருக்குக் கொடி 50 மீட்டர் முன்னாலேயே தெளிவாகத் தெரிய வேண்டும்.

கொடியில் ஐந்து போதும். மஞ்சள்: ஆபத்து, முந்தாதே. சிவப்பு: செஷன் நிறுத்தம். நீலம்: பின்னால் வேகமான வண்டி, வழி விடு. கருப்பு: பிட்டுக்கு வா. மஞ்சளில் சிவப்புப் பட்டை: வழுக்கும் தரை. கடைசிக் கொடி உங்கள் ஊரில்தான் அதிகம் ஆடும்.

#3 பாலிசி வாசகர்
சனி, இரவு 11:20

இன்சூரன்ஸ் பக்கத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எது உதவாது என்று பார்ப்போம். 1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 2(28) பிரிவு, மூடிய வளாகத்துக்குள் மட்டும் ஓட அமைத்த வண்டியை 'மோட்டார் வாகனம்' என்ற சொல்லிலிருந்தே விலக்குகிறது. அதனால் கார்ட்டுக்கு ஆர்.சி. கிடையாது, கட்டாய மூன்றாம் நபர் காப்பீடும் கிடையாது. சாலையில் ஒருவரை இடித்தால் விபத்துத் தீர்ப்பாயம் என்று ஒரு வழி இருக்கிறதே, அது டிராக்கில் இல்லை. "என் காருக்கு பம்பர் டு பம்பர் இருக்கு" என்பதும் இங்கே செல்லாது; மோட்டார் பாலிசியிலேயே ஒழுங்கமைத்த பந்தயம், வேகச் சோதனை எல்லாம் விலக்கு.

மருத்துவப் பாலிசியில் 'எக்ஸ்க்ளூஷன் 09' என்ற வரியைத் தேடுங்கள். ஆபத்தான சாகச விளையாட்டில் *தொழில்முறையாக* பங்கேற்று வரும் காயத்துக்கு மட்டும் விலக்கு என்று அந்தப் பொது வாசகம் சொல்கிறது. பட்டியலில் மோட்டார் ரேஸிங் இருக்கிறது. அமெச்சூராக ஓட்டுகிறவருக்கு இந்தச் சொல் பெரிய உதவி. ஆனால் பரிசுப் பணம், ஸ்பான்சர், பயிற்சியாளர் சம்பளம் என்று ஏதாவது கை மாறினால் அங்கேயே வாதம் தொடங்கும். தனிநபர் விபத்துப் பாலிசிகளில் பெரும்பாலும் இந்தச் சலுகைகூட இல்லை, 'ரேஸிங்' என்று மொட்டையாக விலக்கியிருப்பார்கள். 11 பேரும் தத்தம் பாலிசியில் அந்தப் பக்கத்தை போட்டோ எடுத்து வையுங்கள்.

டிராக்காரர் சொல்கிற "எல்லாம் போட்டிருக்கு" அநேகமாக மூன்றில் ஒன்றாக இருக்கும். ஷெட்டுக்குத் தீ விபத்துப் பாலிசி. வேலையாட்களுக்கான தொழிலாளர் இழப்பீட்டுப் பாலிசி. அல்லது பப்ளிக் லயபிலிட்டி, அதாவது வெளியாட்களுக்கு நேரும் பாதிப்புக்கு இழப்பீடு தரும் பாலிசி. முதல் இரண்டும் உங்களுக்கு ஒரு பைசா தராது.

பப்ளிக் லயபிலிட்டியிலும் இரண்டு வகை. 1991-ஆம் வருடச் சட்டப்படியானது அபாயகரமான பொருள்களைக் கையாளும் இடங்களுக்கு உரியது. பெயர் ஒன்றுபோல இருப்பதால் 'ஆக்ட் பாலிசி'யை வாங்கிவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. உங்களுக்கு வேண்டியது தொழிற்சாலை சாராத பொது லயபிலிட்டி. அதன் ஷெட்யூலில், அதாவது விவரப் பக்கத்தில், இதைப் பாருங்கள்:

தொழில் விவரம் என்ற கட்டத்தில் 'கோ-கார்ட் டிராக்' என்று எழுத்தில் இருக்கிறதா? 'பொழுதுபோக்கு' என்று மட்டும் இருந்தால் போதாது. ஒரு விபத்துக்கு எவ்வளவு, ஒரு வருடத்துக்கு எவ்வளவு என்ற இரண்டு தொகைகள். இதை 1:1, 1:2, 1:4 என்று விகிதமாகப் போடுவார்கள். 1:1 என்றால் ஒரே பெரிய விபத்தில் அந்த வருடக் காப்பு தீர்ந்துவிடும். பிறகு எக்ஸஸ், அதாவது முதலில் நீங்கள் கையிலிருந்து போட வேண்டிய தொகை. கடைசியாக, முக்கியமாக: 'பங்கேற்பாளர்' விலக்கு. வேடிக்கை பார்க்க வந்தவர் மேல் டயர் கழன்று விழுந்தால் பணம் வரும், ஓட்டியவருக்கு வராது என்பதுதான் பல பாலிசிகளின் நிலை. பங்கேற்பாளரைச் சேர்க்கும் எண்டார்ஸ்மென்ட், அதாவது பாலிசியோடு இணைக்கும் திருத்தக் காகிதம், தனியாக வேண்டும்.

#4 கீழக்கரை வாப்பா
ஞாயிறு, காலை 7:31

பாலிசி வாசகர் காக்கா, ஒரு சந்தேகம். பிள்ளைகள் மூன்று பேருக்கும் நாங்கள் பெற்றோர் "என்ன நடந்தாலும் எங்கள் பொறுப்பு" என்று ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் டிராக்காரருக்கும் கிளப்புக்கும் பாதுகாப்புத்தானே?

#5 பாலிசி வாசகர்
ஞாயிறு, காலை 8:02

இல்லை. 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டம் பிரிவு 11 படி 18 வயது ஆகாதவர் ஒப்பந்தம் செய்யத் தகுதியில்லாதவர். பிள்ளை போட்ட கையெழுத்து செல்லாது. அப்பா போட்ட கையெழுத்து, அப்பா ஆபத்தைத் தெரிந்துகொண்டார் என்பதற்கு ஆதாரம், அவ்வளவுதான். பிள்ளைக்குச் சேர வேண்டிய இழப்பீட்டை அவர் எழுதிக் கொடுத்துத் தள்ள முடியும் என்று யாரும் நம்பி இருக்க வேண்டாம். பெரியவர்கள் விஷயத்திலும் அலட்சியத்துக்கு முன்கூட்டியே வாங்கி வைக்கும் மன்னிப்பை நம்பி இருக்க முடியாது. உயிர் போனால் அது கிரிமினல் வழக்கு. பாரதிய நியாய சன்ஹிதா 106-ஆம் பிரிவு எந்த ஸ்டாம்ப் பேப்பரையும் பார்க்காது.

இன்னொன்று. 1963-ஆம் வருடக் காலவரம்புச் சட்டத்தின் 6, 8 பிரிவுகள்படி, மைனருக்குக் காலக்கெடு 18 வயது ஆன பிறகுதான் ஓடத் தொடங்கும். அதிகபட்சம் அதற்குப் பின் மூன்று வருடம். உங்கள் 11 வயதுப் பிள்ளைக்கு இன்று அடிபட்டால் வழக்கு அவருடைய 21 வயது வரை வரலாம். லயபிலிட்டி பாலிசிகள் இங்கே பெரும்பாலும் கோரிக்கை வரும் தேதியை வைத்து எழுதப்படுபவை. ஆகவே விபத்து நாளில் பாலிசி இருந்தது மட்டும் போதாது. கோரிக்கை வரும் நாளிலும் இடைவெளி விடாமல் புதுப்பித்து, 'முன்தேதி' (எந்தத் தேதி முதல் நடந்த விபத்துக்குக் காப்பு உண்டு என்பது) என்ற கட்டத்தில் பழைய தேதி அப்படியே தொடர வேண்டும். கம்பெனி மாற்றும்போது இந்த முன்தேதியைத்தான் தொலைத்துவிடுகிறார்கள். ஒவ்வொரு செஷனிலும் நடந்ததை எழுதும் ரிஜிஸ்டரைப் பத்து வருடம் பத்திரமாக வையுங்கள் என்று சொல்வது அதனால்தான்.

ஆனால் கையெழுத்து வாங்க வேண்டாம் என்று சொல்லவில்லை காக்கா. வாங்குங்கள். என்ன ஆபத்து, என்ன உடை, யார் பொறுப்பாளர், என்ன நோய், என்ன மருந்து, இரத்த வகை, யாருக்குப் போன் செய்வது என்று எழுதிய படிவமாக வாங்குங்கள். அது காப்பாற்றும்.

#6 உச்சிப்புளி ஸ்பேனர்
ஞாயிறு, காலை 10:44

கொடி, பாலிசி எல்லாம் சரி. அந்த ஆறு கார்ட்டையும் ஒரு நாளாவது தலைகீழாகப் பார்த்தீர்களா? கடலுக்கு ஒரு கிலோமீட்டருக்குள் நிற்கும் கார்ட்டும் மதுரையில் நிற்கும் கார்ட்டும் ஒன்றில்லை.

முதலில் கில் சுவிட்ச். ஜி.எக்ஸ். இன்ஜினை அணைப்பது எப்படித் தெரியுமா? இக்னிஷன் காயிலிலிருந்து வரும் வயரை எர்த்தோடு சேர்த்தால் பொறி நின்று இன்ஜின் அணையும். அதாவது இணைப்பு *நல்லா இருந்தால்தான்* அணையும். எர்த் முனையைச் சேஸியில் போல்ட் போட்டிருப்பார்கள். உப்புக் காற்றில் அந்த வளைய முனை பச்சை பூத்து, போல்ட்டுக்கு அடியில் துரு ஏறி, இணைப்பு போய்விடும். இன்ஜின் எப்போதும் போல ஓடும், ஒரு குறையும் தெரியாது. ஆக்சிலேட்டர் சிக்கி, பையன் சுவிட்சைத் தட்டும் அன்றைக்குத்தான் அது வேலை செய்யவில்லை என்று தெரியவரும்.

சோதனை: மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து, சுவிட்சை 'ஆஃப்' நிலையில் போட்டு, காயில் வயருக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவில் பாருங்கள். ஒரு ஓமுக்குக் கீழே இருக்க வேண்டும். மீட்டர் ஆடினால், கூடினால் அந்த வண்டி அன்று ஓடக் கூடாது. சரிசெய்வது சுலபம். சேஸியை நம்பாமல் சுவிட்சிலிருந்து இன்ஜின் பிளாக்குக்குத் தனி எர்த் வயர் இழுங்கள், முனை படும் இடத்தில் பெயின்டைச் சுரண்டுங்கள், பல் வாஷர் போட்டு இறுக்கி மேலே வாசலின் பூசுங்கள். பிறகு ஒவ்வொரு செஷனுக்கு முன்னாலும் பிட்டில் இன்ஜினை ஓடவிட்டு சுவிட்சைத் தட்டிப் பார்ப்பது கட்டாயம்.

ஆக்சிலேட்டர் கேபிள் உறைக்குள் உப்பும் மணலும் சேர்ந்தால் பெடலை விட்டாலும் திரும்பாது. காலை எடுத்ததும் 'டக்'கென்று திரும்ப வேண்டும். மெதுவாக ஊர்ந்து திரும்பினால் கேபிளை மாற்றுங்கள், எண்ணெய் விட்டு ஒப்பேற்ற வேண்டாம். ரிட்டர்ன் ஸ்பிரிங் இரண்டாக இருக்கட்டும்.

பிரேக் பின் அச்சில் மட்டும்தான். பெடலிலிருந்து பம்புக்குப் போகும் ராடு ஒன்றை மட்டும் நம்பக் கூடாது. பந்தயக் கார்ட் விதியில் அந்த இணைப்பு இரட்டையாக இருக்க வேண்டும், கேபிள் என்றால் 1.8 மி.மீ.க்குக் குறையக் கூடாது. வாடகைக் கார்ட்டிலும் அந்தக் கேபிளைப் போடச் சொல்லுங்கள். டாட் 4 எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும். நம்ம கரையில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றினால்தான் பெடல் கெட்டியாக இருக்கும்.

செயின் கவர், பின் அச்சுக் கவர் இரண்டும் இல்லாத கார்ட்டை ஓரங்கட்டுங்கள்.

#7 பனைநிழல்
ஞாயிறு, பகல் 11:58

ஸ்பேனர் அண்ணன் கடைசி வரியில் சொல்லிவிட்டுப் போனதை நான் நிறுத்திச் சொல்கிறேன். 2018-இல் அரியானாவின் பிஞ்சோரிலும், 2020-இல் ஹைதராபாத் பக்கத்திலும் வாடகைக் கார்ட் ஓட்டிய பெண்கள் இறந்தது தலைமுடி சிக்கியதால். இன்ஜின் இருக்கைக்குப் பக்கத்தில், அச்சு முதுகுக்குப் பின்னால் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஜடை ஹெல்மெட்டுக்கு வெளியே தொங்கினால் காற்றில் நேராக அங்கேதான் போகும்.

ஆகவே இது கெஞ்சிக் கேட்கும் விஷயம் இல்லை, வாசலில் நிறுத்தும் விஷயம். ஜடையை மடித்துக் கட்டி, பருத்தித் தலைத் துணிக்குள் முழுதாகத் திணித்து, அதற்கு மேல் ஹெல்மெட். துப்பட்டா, மப்ளர், துண்டு, தொங்கும் ஹூடி நாடா, தாயத்துக் கயிறு எல்லாம் பிட்டிலேயே கழற்றி வைக்க வேண்டும். ஹிஜாப் அணிகிறவர்களுக்கு ஊசி இல்லாத, கழுத்தோடு ஒட்டிய உள் தொப்பி வகை போதும், மரியாதையும் கெடாது. ஆண் பிள்ளைகள் லுங்கியில் வந்தால் திருப்பி அனுப்புங்கள். முழுக்கை, முழுக்கால் உடை, கணுக்காலை மூடும் ஷூ, கையுறை.

இதைப் பார்ப்பவர் பிட் வாசலில் நிற்கும் நான்காவது ஆள். பெண் பிள்ளைகள் ஓட்டினால் அந்த இடத்தில் ஒரு பெண் நிற்பது நல்லது. ஆண்கள் தொட்டுச் சோதிக்கத் தயங்கியே விட்டுவிடுகிறார்கள்.

ஹெல்மெட்: பைக்குக்கு விற்கும் ஐ.எஸ். 4151 முத்திரை உள்ள முழு முக ஹெல்மெட் வாடகைக் கார்ட் வேகத்துக்குக் குறைந்தபட்சம். அரை ஹெல்மெட் வேண்டாம். ரோட்டக்ஸ் ஓட்டுகிறவருக்குக் கார்ட் பந்தயத்துக்கான ஸ்னெல் 'கே' முத்திரை உள்ளது, பிள்ளைகளுக்கு எடை குறைந்த, சி.எம்.ஆர். முத்திரை உள்ள ஹெல்மெட். பெரியவர் ஹெல்மெட்டை உள்ளே துண்டு வைத்துப் பிள்ளைக்கு மாட்டுவது கழுத்துக்கே கேடு.

#8 கடலாடி03
ஞாயிறு, பகல் 1:15

இவ்வளவு தேவையா? 11 பேரும் சொந்தக்காரர், நண்பர்கள். ஒருத்தர் மேல் ஒருத்தர் கேஸ் போடவா போகிறோம்?

#9 பாலிசி வாசகர்
ஞாயிறு, பகல் 1:40

நீங்கள் போட மாட்டீர்கள் தம்பி. முதுகெலும்பு உடைந்து மதுரையில் இரண்டு மாதம் படுத்தால் பில்லைக் கட்டப் போகிறவர் யார்? அந்த மனிதரின் மனைவி, அவர் மாமனார் குடும்பம், அவர் வாங்கிய வீட்டுக் கடன், இவை எல்லாம் உங்கள் நட்புக்குள் வராது. அண்ணன்தம்பி மாதிரி இருக்கிறோம் என்றால், அண்ணன் குடும்பம் நடுத்தெருவுக்கு வராமல் பார்ப்பதுதான் முதல் வேலை.

கேஸ் இல்லாமலே பணம் வரும் வழி குரூப் பெர்சனல் ஆக்சிடென்ட், அதாவது குழுவாக எடுக்கும் தனிநபர் விபத்துப் பாலிசி. கோ-கார்ட் பிராக்டிஸ் என்று விண்ணப்பத்திலேயே எழுதி, ரேஸிங் விலக்கை நீக்கி வாங்க வேண்டும். பிரீமியம் கூடும், கூடட்டும். இறப்பு, நிரந்தர முழு ஊனத்துக்கு முழுத் தொகை. விரல், கண் போன்ற பகுதி ஊனத்துக்கு அட்டவணைப்படி சதவீதம். வேலைக்குப் போக முடியாத வாரங்களுக்கு வழக்கமாகக் காப்புத் தொகையில் வாரம் 1 சதவீதம், ஒரு உச்சவரம்போடு. இங்கே ஒரு குழி இருக்கிறது. கார்ட்டில் சகஜமாக நடப்பது மணிக்கட்டு முறிவும் விலா எலும்பு விரிசலும். அடிப்படைப் பாலிசியில் அவற்றின் மருத்துவச் செலவு வராது. 'மருத்துவச் செலவு' எக்ஸ்டென்ஷனைச் சேர்த்து, அதுவும் மற்றக் கோரிக்கையின் சதவீதமாக இல்லாமல் தனித் தொகையாக இருக்கும்படி கேளுங்கள்.

பாலிசி யார் பெயரில்? வாட்ஸ்அப் குழுவின் பெயரில் எடுக்க முடியாது. 1975-ஆம் வருடத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் இருந்தால் பதிவு செய்யலாம். உங்களிடம் பெரியவர்களே எட்டு. இராமநாதபுரம் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் வேலை முடியும். இன்சூரன்ஸுக்காக மட்டும் கூடிய குழு என்றால் கம்பெனி மறுக்கும். விதிமுறையில் விளையாட்டு நோக்கத்தைத் தெளிவாக எழுதுங்கள்.

யாரிடமாவது எஃப்.எம்.எஸ்.சி.ஐ. லைசென்ஸ் இருந்தால், அதோடு வரும் காப்பு பெர்மிட் இல்லாத பிராக்டிஸுக்கும் நீளும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

#10 கொடிக்காரர்
ஞாயிறு, பிற்பகல் 3:20

ரோட்டக்ஸ் விஷயத்தை யாரும் தொடவில்லை. வாடகைக் கார்ட்டோடு அதை ஒரே நேரத்தில் ஓட்டவே கூடாது. ஜி.எக்ஸ். 200 நேர்ப்பாதையில் 45 போகும் இடத்தில் அது 80 போகும். வித்தியாசம் நொடிக்குப் பத்து மீட்டர். முன்னால் போகிறவர் தலையைத் திருப்பிப் பார்த்து முடிப்பதற்குள் முதுகில் இருக்கும். தவிர, வாடகைக் கார்ட்டைச் சுற்றி ரப்பர் பம்பர் உண்டு, அதற்குக் கிடையாது. சக்கரத்தில் சக்கரம் ஏறினால் வண்டி பறக்கும். தனி செஷன், 15 நிமிடம், டிராக்கில் வேறு வண்டி கூடாது.

பிள்ளைகள் செஷனும் தனி. சீட்டில் முதுகு ஒட்டி உட்கார்ந்து பிரேக்கை முழுதும் அமுக்கினாலும் முழங்கால் சற்று மடிந்தே இருக்க வேண்டும். கால் எட்டாத பிள்ளைக்கு முதுகில் தலையணை வைப்பது தீர்வில்லை, வழுக்கி வரும். சரியான சீட் இன்சர்ட் வேண்டும், இல்லையென்றால் அந்த வருடம் வேடிக்கை பார்க்கட்டும். ஆக்சிலேட்டர் பெடலுக்கு அடியில் ஸ்டாப்பர் போல்ட் வைத்து 25, 30 கிலோமீட்டருக்கு மேல் போகாதபடி கட்டுங்கள்.

பெற்றோரைக் கொடி பிடிக்க விடாதீர்கள். பாசத்தில் குறை சொல்லவில்லை. பெற்றவர் கண் தன் பிள்ளையின் கார்ட்டைச் சுற்றிச் சுற்றிப் போகும். அந்தப் பக்கம் வேறொரு பிள்ளை திரும்பி நிற்பது தெரியாது. அவர்கள் பிட்டில் தண்ணீர் பாட்டிலோடு இருக்கட்டும்.

#11 மண்டபம் கரை
ஞாயிறு, மாலை 5:02

தரையைப் பற்றி. ராத்திரி பனியில் தார் மேல் படியும் உப்பு ஈரத்தை இழுத்துப் பிடித்து வைத்திருக்கும். காய்ந்த மாதிரி தெரிந்தாலும் ஏழு, ஏழரை வரை வழுக்கும். ஆறு மணிக்குச் சாவி கிடைத்தாலும் ஆறில் ஓட்டாதீர்கள். முதல் ஒரு மணி நேரம் பெருக்கவும், வண்டி சோதிக்கவும், கொடி ஒத்திகைக்கும் சரியாக இருக்கும். வெயில் பிரச்சினையும் அதோடு பாதி தீரும்.

ஆனி, ஆடியில் கச்சான் (மேற்கிலிருந்து வரும் காற்று) வீசும்போது ஒரே இரவில் மேற்கு விளிம்பில் விரல் கனத்துக்கு மணல் ஏறிவிடும். நடுவில் பெருக்கி ஓரத்தில் விட்டால் பத்து நிமிடத்தில் பழையபடி வந்துவிடும். காற்றுக்கு எதிர்ப்பக்கம் தள்ளாமல், காற்றடிக்கும் திசையிலேயே டிராக்கைத் தாண்டி வெளியே தள்ளுங்கள். நேர்ப்பாதை முடிவில், பிரேக் பிடிக்கும் இடத்தில் குனிந்து கையால் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத மணல் உள்ளங்கையில் ஒட்டும்.

அடுத்து கருவேல முள். சுற்றிலும் சீமைக்கருவேலம் இருந்தால் காற்றோடு முள் வரும், ஸ்லிக் டயர் மெல்லிசு, மெதுவாகக் காற்று இறங்கும். செஷனுக்கு முன்னும் பின்னும் பி.எஸ்.ஐ. எழுதி வையுங்கள், ஒரே வண்டியில் ஒரு டயர் மட்டும் 2 பி.எஸ்.ஐ. இறங்கியிருந்தால் முள்ளைத் தேடுங்கள். ஆடு, நாய் உள்ளே வராமல் வேலியை ஒரு சுற்று நடந்து பார்ப்பதும் காலை வேலைதான்.

#12 முதலுதவி
ஞாயிறு, இரவு 8:15

கேட்டைப் பூட்டிக்கொண்டு ஓட்டாதீர்கள். ஆள் வராமல் இருக்கச் சங்கிலியைக் கொக்கியில் மாட்டுங்கள், பூட்ட வேண்டாம். 108 வரும்போது சாவி வைத்திருப்பவர்தான் அடிபட்டுக் கிடக்கிறார் என்று ஆகக் கூடாது. ஈ.சி.ஆரில் எந்த மைல்கல்லுக்கு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று பெரிய எழுத்தில் பிட்டில் ஒட்டுங்கள். பதற்றத்தில் ஊர்ப்பெயரே வாயில் வராது.

கவிழ்ந்தவரைத் தூக்கி உட்கார வைக்காதீர்கள். தீ இல்லை, மூச்சு இருக்கிறது என்றால் அசைக்காமல் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு காத்திருங்கள். மூச்சு இல்லாவிட்டால்தான் ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டும். அதற்கும் ஒருவர் கழுத்தைத் தாங்க, இன்னொருவர் கழற்ற, இரண்டு பேர் வேண்டும். இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை சுமார் 15 கிலோமீட்டர். மதுரை என்றால் இரண்டு மணி நேரம்.

மருத்துவமனையில் "பைக்கில் விழுந்துட்டார்" என்று சொல்லவே கூடாது. ஆக்சிடென்ட் ரிஜிஸ்டரில் அது ஏறிவிட்டால் ஏ.ஆர். காப்பியும் கிளப் ரிஜிஸ்டரும் முரண்படும், கோரிக்கை அங்கேயே செத்துவிடும். முதல் 48 மணி நேர இலவச சிகிச்சைத் திட்டம் சாலை விபத்துக்கானது. அதற்காகப் பொய் சொல்லி இதைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

#13 உச்சிப்புளி ஸ்பேனர்
ஞாயிறு, இரவு 8:50

பெட்ரோல்: விற்பனைக்கு இல்லாத பெட்ரோல் 30 லிட்டர் வரை லைசென்ஸ் இல்லாமல் வைக்கலாம், உலோகக் கேன் 25 லிட்டருக்கு மேல் கூடாது என்று 1934-ஆம் வருடப் பெட்ரோலியச் சட்டம் சொல்கிறது. பிளாஸ்டிக் தண்ணீர் கேன் வேண்டவே வேண்டாம். ஜி.எக்ஸ். டேங்க் 3.1 லிட்டர், சைலன்சருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சூட்டில் சிந்தினால் குப்பென்று பிடிக்கும். இன்ஜின் ஆறி பத்து நிமிடம் கழித்து ஊற்றுங்கள். 6 கிலோ பவுடர் அணைப்பான் இரண்டு: ஒன்று பிட்டில், ஒன்று தூரத்து மார்ஷல் காலடியில். முள் காட்டி பச்சையில் இருக்கிறதா, உப்பில் பின் இறுகியிருக்கிறதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள்.

#14 வாடைக்காற்று
செவ்வாய், இரவு 9:30

அண்ணன்களே, பாலிசி நகல் கிடைத்தது. பப்ளிக் லயபிலிட்டிதான், ஆக்ட் பாலிசி இல்லை. தொழில் விவரம்: 'உணவகம் மற்றும் பொழுதுபோக்குப் பூங்கா'. ஒரு விபத்துக்கு 10 லட்சம், விகிதம் 1:1. பங்கேற்பாளர் பற்றி ஒரு வரியும் இல்லை. நிபந்தனை 4-இல் 'காப்பீடு பெற்றவர் நியாயமான முன்னெச்சரிக்கைகள் அனைத்தையும் எடுக்க வேண்டும்' என்று இருக்கிறது.

#15 பாலிசி வாசகர்
செவ்வாய், இரவு 10:10

அந்த நிபந்தனை 4-தான் இந்த இழை முழுக்கப் பேசியதன் மையம். ஆள் இல்லாமல் சாவியைக் கொடுப்பது நியாயமான முன்னெச்சரிக்கை இல்லை என்று கம்பெனி ஒரே வரியில் சொல்லிவிடும். அப்போது கொடிக்காரர் சொன்ன நான்கு பேர், ஸ்பேனர் சொன்ன மீட்டர் அளவு, பனைநிழல் அக்கா சொன்ன உடைச் சோதனை, இவை எழுதிய ரிஜிஸ்டர்தான் உங்கள் பதில். தேதி, செஷன் எண், தொடங்கிய நேரம், முடிந்த நேரம், பொறுப்பாளர், மார்ஷல்கள், ஓட்டுநர், கார்ட் எண், கில் சுவிட்ச் ஓம்ஸ், டயர் காற்று, தரை நிலை, சம்பவம். பேனாவில், அந்தந்த நேரத்தில் எழுத வேண்டும். வீட்டுக்குப் போய் ஒரே மையில் நிரப்பியது பார்த்தவுடன் தெரியும்.

உரிமையாளரிடம் கேட்க வேண்டிய எண்டார்ஸ்மென்ட் நான்கு: தொழில் விவரத்தில் 'கோ-கார்ட் டிராக், வாடகை மற்றும் கிளப் பிராக்டிஸ்' சேர்த்தல், பங்கேற்பாளரைச் சேர்த்தல், உங்கள் சங்கத்தையும் காப்பீடு பெறுபவராகக் கூடுதலாகச் சேர்த்தல், உரிமையாளர் ஊழியர் இல்லாத நேரத்திலும் காப்பு உண்டு என்ற ஒப்புதல். ஏஜென்ட் போனில் "ஆமாம்" என்பது கணக்கில் வராது. கம்பெனி முத்திரையோடு காகிதம் வேண்டும். விகிதத்தையும் உயர்த்தச் சொல்லுங்கள்.

விபத்து நடந்துவிட்டால் உடனே கம்பெனிக்கு எழுத்தில் தகவல். கார்ட்டை அப்படியே மூடி வையுங்கள், கழுவாதீர்கள், ரிப்பேர் செய்யாதீர்கள். வாட்ஸ்அப்பில் "எங்க தப்புதான், செலவை நாங்க பார்த்துக்கறோம்" என்று யாரும் எழுதக் கூடாது. கம்பெனியின் சம்மதம் இல்லாமல் பொறுப்பை ஒப்புக்கொண்டால் பாலிசியை அதற்காகவே மறுக்கலாம். ஆளைக் கவனியுங்கள், கூடவே இருங்கள், அதற்குத் தடையில்லை.

#16 கொடிக்காரர்
செவ்வாய், இரவு 10:35

எண்டார்ஸ்மென்ட் கையில் வரும்வரை இன்ஜினை எடுக்காமல் ஒரு ஞாயிறு ஒத்திகை மட்டும் செய்யுங்கள் தம்பி. ஓட்டுகிறவர்கள் டிராக்கில் நடந்தே வரட்டும். பொறுப்பாளர் விசில் ஊத, இரண்டு மார்ஷலும் சிவப்பைத் தூக்க எத்தனை நொடி ஆகிறது என்று பாருங்கள். மூன்று நொடிக்கு மேல் ஆனால் மார்ஷல் நிற்கும் இடத்தை மாற்றுங்கள். வாடை அடிக்கும் நாளில் தூரத்து வளைவுக்கு விசில் கேட்காது. அங்கே ஒரு வாக்கி டாக்கி வேண்டும்.